நூறு மரம், ஒரு எண்ணு

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

காவல் கோபுரத்துல இருந்து உங்க நாத்தனார் எழுதிக்கிறது. நான் இங்க நல்லா இருக்கேன். அங்க நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கீங்க? உங்க கழுத்து வலி தேவலையா? நாள் பூரா ஆபீஸ்ல டைப் அடிச்சா கழுத்து என்னத்துக்கு ஆகும்? போன கடுதாசியில என் முட்டியை விசாரிச்சிருந்தீங்க. முட்டிக்கு என்ன கேடு, அது பாட்டுக்கு இருக்கு.

விஷயம் என்னன்னா, போன வாரம் உங்க வன ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை. நெட்டையன் கால்ல வெள்ளை ஷூ. காட்டுக்கு வர்றவன் யாராவது வெள்ளை ஷூ போடுவானா அண்ணி? அதைப் பாத்ததும் எனக்கு, சாமானும் கடுதாசியும் கொண்டு வர்ற நம்ம ஜீப்காரர் ஞாபகம் வந்துருச்சு. அவரு ஒருதடவை ஏதோ கல்யாணத்துல இருந்து நேரா மேல வந்தாரு, புதுச் சட்டையோட. பாதி வழியில வண்டி சூடாகிப் புகை விடுது. மூடியைத் திறக்கத் துணி இல்ல. மனுஷன் சட்டையைக் கழட்டி அதாலயே பிடிச்சுத் திறந்துட்டு, பனியனோட வந்து இறங்கி, "காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்" அப்படிங்கறாரு. சரி, அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற.

அந்த ரெண்டு பேரும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, கிழக்குச் சரிவுல இலை இல்லாத மரத்துக்கெல்லாம் சிவப்பு வளையம் போட்டாங்க. சிவப்பு போட்டா செத்த மரமாம். மூணு வருஷமா மழை ஏமாத்துது, காத்து அடுப்பு வாய்க்கு முன்னாடி நிக்கற மாதிரி அடிக்குது. மரம் என்ன பண்ணும்? ரெண்டு மாசம் முன்னாடியே இலையை உதுத்துருச்சு. இலையை வெச்சிருந்தா அது வழியா உள்ள இருக்கற தண்ணியும் போயிரும். அது மரத்துக்குத் தெரியுது, நெட்டையனுக்குத் தெரியல. சட்டையைக் கழட்டிக் காயப்போட்டுட்டு நிக்கிறவனைப் பாத்து, ஆள் செத்துட்டான்னு எழுதிக்கிட்டுப் போறாங்க!

முதல் வளையம் எதுக்குப் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? சோம்பேறிக்கு. என் கோபுரத்துக்குக் கீழ நிக்குதே, அந்தப் பெரிய மரம். பத்தொன்பது வருஷமா பாக்கறேன், எல்லா மரமும் தளிர்த்து முடிச்ச பின்னாடிதான் அது சோம்பல் முறிக்கும். அதுக்கு ஒண்ணாம் நம்பர்.

மே ஒண்ணாம் தேதி வெட்டாம். அப்புறம் சீக்கிரம் வளர்ற மரமா வரிசையா நடுவாங்களாம். வரிசையா நின்னா அது காடா, டிக்கெட் கவுண்டரா? வெட்ட வர்றது யாருன்னு குட்டையனைக் கேட்டேன். அண்ணனோட ஆளுங்களாம். எப்படி இருக்கு பாருங்க கதை!

அந்தக் காகிதம் உங்க மேஜைக்குத்தானே வரும்? அதை அடியில போட்டு மேல பத்துக் காகிதத்தை வெச்சிருங்க.

உடம்பைப் பாத்துக்கோங்க. அண்ணனுக்கு என் கோபத்தைச் சொல்லுங்க.

உங்க நாத்தனார்


பிப்ரவரி 20

அருமை நாத்தனாருக்கு,

இங்க எல்லாரும் சுகம். கழுத்து அப்படியேதான் இருக்கு. உன் முட்டி "அது பாட்டுக்கு" இருக்குன்னா என்ன அர்த்தம்? வலிக்குதா, வலிக்கலையா?

காகிதத்தை அடியில வைக்கறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க? அடியில வெச்சாலும் எங்க ஆபீசர் கையில ஆகாசத்துல இருந்து எடுத்த படம் இருக்கு. அதுல உன் கிழக்குச் சரிவு பூரா பழுப்பு. செத்த மரம் நின்னுக்கிட்டே இருந்தா ஒரு பொறி போதும், தீ கீழ ஜனங்க வீடு வரைக்கும் வந்துரும்னு அவரு பயப்படறாரு. அது பொய்யில்லையே? நீயே தீக்காவக்காரி, உனக்குத் தெரியாதா?

உங்கண்ணனைத் திட்டாதே. அவரா போய்க் கேட்டு வாங்கல, முறைப்படி அவரு கூட்டத்துக்கு வந்திருக்கு. ஆறு பேரும் ரெண்டு மாசமா வேலை இல்லாம வாசல்ல உக்காந்து டீ குடிச்சிட்டுக் கிடக்கறாங்க. டீ போடறது நான்.

ஆனா உனக்காக ஆபீசர்கிட்ட வாய் திறந்தேன். எங்க காவக்காரி பட்டையைக் கீறிப் பாத்தே உசிர் இருக்கா இல்லையான்னு சொல்லுவான்னேன். அவரு யோசிச்சிட்டு, "வளையம் போட்ட மரத்துல நூறைப் பாக்கட்டும். அம்பதுல பச்சை இருந்தா ஒரு மழைக்காலம் விட்டுப் பாப்போம்" அப்படின்னாரு. பெரிய மனசுதான்.

அதனால நூறு மரத்தைக் கீறிப் பாரு. எத்தனைல பச்சைன்னு எழுது. எனக்குக் கதை வேணாம், ஜீப்காரர் பனியன் வேணாம். ஒரு எண்ணு. மார்ச் முடியறதுக்குள்ள.

உன் அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்ல சுகம். நீங்க ஆபீசர்கிட்ட பேசினதைப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. உங்களைப் போல அண்ணி யாருக்குக் கிடைப்பா? டீ விஷயத்துக்கு அண்ணனை நான் பாத்துக்கறேன்.

இங்க ஒரு முள்ளம்பன்னி என் சோப்பைத் தின்னுருச்சு. முழு சோப்பு அண்ணி, பிரிக்காதது. காகிதத்தை மட்டும் மரியாதையா ஓரமா வெச்சிட்டுப் போயிருக்கு. அதுக்கும் பசி. ஓடை காஞ்சு, கிழங்கு எல்லாம் கட்டையாப் போச்சு, அது என்ன செய்யும்? ஆனா சோப்பு தின்ன வாயால அது என்னமோ மாதிரி ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, நான் கோபுரத்துக்கு அடியில படுத்திருந்தவ துள்ளி எழுந்துட்டேன். இப்பல்லாம் கீழதான் படுக்கறேன். மேல காத்து சூடா இருக்கு. பகல்ல காவலுக்கு மேல ஏறிட்டா சாயங்காலம்தான் இறங்கறது. தண்ணி வாளியைக்கூடக் கயிறு கட்டி இழுத்துக்கறேன், வசதியா இருக்கு.

எண்ணறதை ஆரம்பிச்சாச்சு. நெஞ்சுக்கு நேரா பேனாக்கத்தியை வெச்சு, விரல் நகம் அகலத்துக்குப் பட்டையை லேசாச் சீவணும். உள்ள ஈரமாப் பச்சை தெரிஞ்சா உசிர் இருக்கு. பொடிப்பொடியாப் பழுப்பா உதிர்ந்தா இல்ல. அவ்வளவுதான் வித்தை. இதுக்கு ஆகாசத்துல இருந்து படம் எடுக்கணுமா?

ஓடைக்கரையில முதல் பத்து மரம். எத்தனை தெரியுமா? எட்டு! பத்துக்கு எட்டு! அந்த நெட்டையனை வரச் சொல்லுங்க, அந்த வெள்ளை ஷூவாலயே அவன் போட்ட வளையத்தை அழிக்கட்டும்.

சோம்பேறியைக் கடைசியில கீறலாம்னு வெச்சிருக்கேன். எப்பவும் அதுதானே கடைசி.

அண்ணன் சரியாச் சாப்பிடறாரா? உங்க கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க.

உங்க நாத்தனார்


மார்ச் 15

அருமை நாத்தனாருக்கு,

சுகம். பத்துக்கு எட்டு சந்தோஷம். ஆனா பத்து, நூறு ஆகாது. ஓடைக்கரை மரம் பச்சையா இருக்கறதுல என்ன அதிசயம்? மேடு என்ன சொல்லுது?

பதினெட்டுப் படி ஏறிப் பதினெட்டுப் படி இறங்கி ஆடிக்கிட்டிருந்தவ இப்ப வாளிக்குக் கயிறு கட்டறியா? மேல காத்து சூடுன்னா கீழ என்ன, பனியா கொட்டுது? முட்டியைப் பத்தி நான் கேட்டதுக்குப் பதிலே இல்ல. முள்ளம்பன்னி சாப்பிட்டதுக்கு மட்டும் ஒரு பக்கம்.

மீதித் தொண்ணூறு. சீக்கிரம்.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். உங்க எல்லாரோட சுகத்துக்கும் நான் தினமும் நினைச்சுக்கறேன். கடுதாசி தாமதமாயிருச்சுன்னு கோபப்படாதீங்க. ஜீப் ரெண்டு வாரமா வரல, அச்சு முறிஞ்சுருச்சாம். அந்த வண்டியில முறியாம மிச்சம் இருக்கறது ஹாரன் மட்டும்தான்.

இங்க தேனீ வந்திருக்கு. எங்க வந்திருக்கு? என் டிரான்சிஸ்டர் பெட்டிக்குள்ள! பேட்டரி போடற மூடி உடைஞ்சிருந்துச்சே, அது வழியா. நியூஸ் கேக்கலாம்னு போட்டா "ஙொய்"னு ஒரு சத்தம். நான் ஸ்டேஷன் கிடைக்கலைன்னு நினைச்சு முள்ளைத் திருப்பிக்கிட்டே இருக்கேன். அப்புறம் ஒண்ணு வெளிய வந்து என்னைப் பாத்துச்சு. பாவம், பொந்து இருந்த மரமெல்லாம் வெயிலுக்கு வெடிச்சுக் கிடக்கு. ஓடைக்கரையில பூ இல்ல. எங்கதான் போகும்? பெட்டியை ஒரு கிளையில கட்டித் தொங்க விட்டுட்டேன். இப்ப எனக்கு நியூஸ் கிடையாது, அதுங்களுக்கு வீடு உண்டு.

மரங்கொத்தி ஒண்ணு பொழுது விடிஞ்சதும் வந்து தட்டுது. முன்னெல்லாம் அந்தச் சத்தம் "டொக் டொக்"னு கட்டையா இருக்கும். இப்ப "டங் டங்"னு காலி டின்னைத் தட்டற மாதிரி இருக்கு. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. எதுக்கு இதை எழுதறேன்னு தெரியல, விடுங்க.

மரம் எண்ணற வேலை நடந்துக்கிட்டே இருக்கு. வெயில் ஜாஸ்தி. மேட்டுல நடக்கறது கொஞ்சம் மெதுவாத்தான் ஆகுது.

ஒண்ணு கேக்கணும். ஆபீசர் அம்பதுன்னு சொன்னாரே, அது சரியா அம்பதேதானா? இல்ல, ஏறக்குறைய அம்பதா? மனுஷன் ஒரு பேச்சுக்குச் சொல்லுவாங்க இல்லையா, அம்பது அறுபதுன்னு? அப்படிச் சொன்னதா இருந்தா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம்தானே? சும்மாதான் கேக்கறேன்.

முட்டி நல்லா இருக்கு.

உங்க நாத்தனார்


ஏப்ரல் 9

நாத்தனாரே,

நான் சுகமில்ல. உன் கடுதாசியைப் படிச்சதுல இருந்து தலைவலி.

தேனீ ஒரு பக்கம். மரங்கொத்தி அரைப் பக்கம். அது டொக்குனு தட்டினா என்ன, டங்குனு தட்டினா என்ன? எண்ணு எங்கடி? மார்ச்சுக்குள்ளன்னு சொன்னேன், ஏப்ரல் ஒன்பது ஆச்சு. ஆபீசர் தினமும் என் மேஜை ஓரமா வந்து நின்னு, "உங்க காவக்காரி கணக்கு?" அப்படின்னு கேக்கறாரு. நான் ஜீப் மேல பழியைப் போட்டுப் போட்டு, அந்த ஜீப்பே என் மேல கேஸ் போடும் போல இருக்கு.

உன்னை எனக்குத் தெரியாதா? நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், இஸ்திரிப் பெட்டியால என் நல்ல துணியை எரிச்சிட்டு, நான் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஏதோ ஒரு ஆட்டுக்கதை சொன்னியே, ஆடு வீட்டுக்கூரை மேல ஏறுன கதை? நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம் பீரோவைத் திறந்தா ஓட்டை. எதையாவது மறைக்கணும்னாதான் உனக்குக் கதை ஊறும். அந்த வருஷம்தான் உனக்கு உக்காந்து எழுத்துக் கத்துக் குடுத்தேன். அது என் தப்பு. எழுதத் தெரியாம இருந்திருந்தா இப்ப நேர்ல வந்தாவது சொல்லித் தொலைச்சிருப்பே.

அம்பதுன்னா அம்பது. ஏறக்குறைய எல்லாம் கிடையாது. சோம்பேறியைக் கீறினியா? அதைப் பத்திப் பேச்சே இல்லையே?

அடுத்த ஜீப்ல ஒரே ஒரு எண்ணு வரணும். ஆட்டுக்கதை வந்துச்சு, நான் படிக்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நாப்பத்தொண்ணு.

மார்ச் 24-ஆம் தேதியே தெரியும். எட்டுக்கு அப்புறம் மேட்டுக்கு ஏற ஏற ஒண்ணொண்ணாப் பழுப்பா உதிர ஆரம்பிச்சுது. தொண்ணூத்தொன்பதுல நாப்பத்தொண்ணு. கடைசியில சோம்பேறியைக் கீறினேன். பொடியா வந்துச்சு.

நாப்பத்தொண்ணை அம்பத்தொண்ணு ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுதிப் பாத்தேன். மூணு காகிதம் எழுதிக் கிழிச்சேன். உங்க பேருக்குக் கீழ பொய்யை எழுத வரல.

நெட்டையன் சொன்னதுதான் சரி போலிருக்கு. வெள்ளை ஷூவோட வந்து சரியாச் சொல்லிட்டான். அதுதான் தாங்கல.

வெட்டறதுன்னா அண்ணனே வரட்டும். வேற யாரையும் அனுப்ப வேணாம்.

நாத்தனார்


ஏப்ரல் 27

அருமை நாத்தனாருக்கு,

உன் எண்ணை அப்படியே டைப் அடிச்சு ஆபீசர் மேஜையில வெச்சேன். கையெழுத்துப் போட்டுட்டாரு. "உண்மையை எழுதியிருக்காங்க" அப்படின்னாரு. அதைக் கேட்டு எனக்கு என்னமோ கோபம்தான் வந்துச்சு. யார் மேலன்னு தெரியல.

உங்கண்ணன் முப்பதாம் தேதி கிளம்பறாரு. மூணு நாளா ரம்பத்துக்குச் சாணை பிடிச்சுக்கிட்டே இருக்காரு. பல்லு எப்பவோ கூராயிருச்சு, இன்னும் விடல. சாப்பாட்டுத் தட்டுல கோலம் போடறாரு. "அவ மூஞ்சியை எப்படிப் பாக்கறது"ன்னு ஒரு தடவை கேட்டாரு.

அவரு கையில உனக்கு சோப்பு ரெண்டு குடுத்தனுப்பறேன். உசரத்துல வெச்சுக்கோ.

உன் முட்டியைப் பத்தி இனிமே கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.

உன் அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டி வலிக்குது. நவம்பர்ல இருந்து வலிக்குது. நாலாவது படியில சறுக்கி விழுந்தேன். மடக்கினா உசிர் போகுது. ஒரு நாளைக்கு ஒருதடவை ஏறி ஒருதடவை இறங்கறேன், அதுவும் கைப்பிடியைப் பிடிச்சுப் பக்கவாட்டுல. காவக்காரியால ஏற முடியலைன்னு தெரிஞ்சா கீழ அனுப்பிருவீங்கன்னு சொல்லல. இப்ப எதுக்குச் சொல்றேன்னா, எல்லாம் அதுலதான் இருக்கு. பொறுமையாப் படிங்க, இது ஆட்டுக்கதை இல்ல.

அண்ணன் ஒண்ணாம் தேதி வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. அண்ணன் சோப்பை நீட்டுச்சு, நான் வாங்கிக்கிட்டேன். அப்புறம் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போச்சு. பன்னிரண்டாம் நம்பர் மரம். நான் செத்ததுன்னு எழுதினது. உங்களுக்கே தெரியும், வெட்டறவங்க கணுக்காலுக்கு நேராத்தான் ரம்பம் வைப்பாங்க. முதல் ஒரு பிடி தூளைக் கையில அள்ளி, இறுக்கிப் பிடிச்சு, விரலைத் திறந்து பாக்கறது அண்ணனுக்குப் பழக்கம். செத்த மரம்னா தூள் உதிர்ந்து போகும். ஈரம் இருந்தா உருண்டையா நிக்கும்.

உருண்டையா நின்னுச்சு, அண்ணி.

மிஷினை நிறுத்திருச்சு. ரம்பம் ரெண்டு விரல் ஆழம்தான் போயிருந்துச்சு. அண்ணன் உக்காந்து, வேருக்குப் பக்கத்துல கத்தியால கீறுது. பச்சை. நிமிர்ந்து நான் கீறின இடத்தைப் பாக்குது. பழுப்பு. அடுத்த மரம், அதுக்கடுத்த மரம். மேல பழுப்பு, கீழ பச்சை. நான் கீறினது எல்லாம் ஒரே உசரத்துல, நூல் பிடிச்ச மாதிரி நெஞ்சுக்கு நேரா சரிவு பூரா போகுது. அண்ணன் அந்த வரிசையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, என் காலைப் பாத்துச்சு.

"நீ ஒரு மரத்துக்காவது குனிஞ்சியா?" அப்படின்னுச்சு.

நான் முள்ளம்பன்னி கதையை ஆரம்பிச்சேன். அண்ணன் போட்ட சத்தத்துல ஆறு பேரும் பாறைக்குப் பின்னாடி போயிட்டாங்க.

இப்ப யோசிச்சா புரியுது. மேல வரைக்கும் தண்ணி ஏத்த முடியலைன்னதும், மரம் கிளையை விட்டுருச்சு, நடுமரத்தை விட்டுருச்சு, உசிரை வேர்ப்பக்கம் இறக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நானும் மேல ஏற முடியாம கீழதானே படுத்துக்கிடந்தேன், எனக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா?

ஜீப்காரர் போய் ஆபீசர்கிட்ட சொல்லிட்டு வந்தாரு. எழுதிக் குடுத்த கணக்கை எழுதினவளே மாத்தக் கூடாதாம். வெட்டறவனும் எண்ணக் கூடாதாம். ஆபீஸ் ஆள் ஒருத்தர் வந்து எண்ணணுமாம், இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள. அதுவரைக்கும் ரம்பத்தைத் தொடக் கூடாது. இங்க ஆறு பேரும் உக்காந்து டீ குடிக்கறாங்க. போடறது நான்.

நெட்டையனை மட்டும் அனுப்பாதீங்க அண்ணி. நீங்க வாங்க. உங்களுக்குக் கழுத்துதான் வலி, முட்டி நல்லாத்தானே இருக்கு? அண்ணன் என்னைக் கட்டாயமா ஜீப்ல ஏத்தி உங்க வீட்டுக்கு அனுப்புது, டாக்டரைப் பாக்க. சாவியை எங்க வெச்சிருப்பீங்க?

உங்க நாத்தனார்


மே 16

அருமை நாத்தனாருக்கு,

கோபுரத்துல இருந்து உன் அண்ணி எழுதிக்கிறது. நான் சுகம். டாக்டர் என்ன சொன்னாரு? அடுப்புல இடது பக்கம் பத்த வைக்காதே, அது லீக்.

நான் என்ன ஷூவோட வந்து இறங்கினேன்னு உங்கண்ணன் சொல்லிச் சிரிப்பாரு, அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். வெள்ளை. வீட்டுல இருந்தது அதுதான். அந்த ஆறு பேரும் என் காலைப் பாத்துட்டு ஆகாசத்தைப் பாத்தாங்க.

பதினெட்டுப் படி ஏறினேன். பத்தாவது படியில திரும்பிப் பாக்காதேன்னு ஏன் எனக்கு நீ எழுதவே இல்ல? இத்தனை மாசமா அந்தப் படத்துல பழுப்பாத் தெரிஞ்சதை நேர்ல பாத்தேன். எவ்வளவு பெரிசு! படத்துல என் உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. உன் தேனீப் பெட்டியைப் பாத்தேன். காதை வெச்சுக் கேட்டேன், நியூஸ் ஒண்ணும் இல்ல. முள்ளம்பன்னி வந்துச்சு. நான் பயப்படல. உங்கண்ணன் பயந்தாரு, அதை அவருகிட்ட சொல்லாதே. மரங்கொத்தியும் வந்துச்சு. நீ சொன்னது நிஜம்தான், டங்குதான். ஆனா இன்னொரு மரத்துல கீழ இறங்கி வந்து தட்டுச்சு, அங்க டொக்கு. நான் அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்குன்னே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ஆபீஸ்ல யாராவது என்னை அப்படிப் பாத்திருந்தா லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

மரம் கீறறதுக்கு முதல்ல எனக்குக் கைவரல. வலிக்குமோன்னு ஒரு நினைப்பு. அப்புறம் அந்தப் பச்சையைப் பாத்ததும் ஆசை வந்துருச்சு. ஒரு நாளைக்கு இருபது மரம்னு குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு கழண்டு போச்சு. கழுத்து வலி போன இடமே தெரியல. சில மரத்துல வேர்ப்பக்கம் அரிசி அளவுக்குப் புடைச்சிருக்கு, அது தளிராம், மழைக்குக் காத்திருக்காம். உங்கண்ணன் காட்டினாரு. காட்டும்போது அவரு குரலே வேற மாதிரி இருந்துச்சு.

எல்லாம் அப்படி இல்ல. பாறைக்கு மேல ஒரு இடம் இருக்கே, அங்க எங்க கீறினாலும் பொடிதான். மண்ணு கூடச் சுடுது.

ஒரு வேடிக்கை சொல்றேன் கேளு, நேத்து ஜீப்காரர் வந்தாரு, பனியனோட. ஏன்னு கேட்டா...

ஹாரன் அடிக்கறாரு. கிளம்பணுமாம். மீதி அப்புறம்.

உன் அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டர் ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்காரு. அதுக்கப்புறமும் படி ஏற முடியுமான்னு பாத்துதான் சொல்லணுமாம். அடுப்பு நல்லா இருக்கு.

ஜன்னலோரமா உக்காந்து உங்க கடுதாசியை நாலு தடவை படிச்சேன். முள்ளம்பன்னி இருக்கு. தேனீ இருக்கு. டங்கு இருக்கு, டொக்கு இருக்கு. நான் பதினோரு நாளா சாப்பாடு இறங்காம இங்க உக்காந்திருக்கேன்.

எண்ணு எங்க அண்ணி? எத்தனை? ஒரே ஒரு எண்ணு எழுதுங்க. ஜீப்காரர் பனியன் எனக்கு வேணாம்.

நாத்தனார்


மே 22

அருமை நாத்தனாருக்கு,

அறுபத்திரண்டு.

எழுதலையா நான்? எழுதினேன்னே நினைச்சேன். ஆபீசருக்கும் போயிருச்சு. ஒரு மழைக்காலம் விட்டுப் பாக்க உத்தரவும் ஆச்சு. பாறைக்கு மேல செத்ததை மட்டும் உங்கண்ணன் ஆளுங்க வெட்டி, தீ தாண்டாம இடைவெளி விடறாங்க. அவருக்கு இப்பதான் சோறு இறங்குது.

சோம்பேறி அந்த அறுபத்திரண்டுல இல்ல. மூணு நாள் கீறினேன், நாலு பக்கமும், மண்ணைத் தோண்டி வேர் வரைக்கும். உங்கண்ணன் என் பின்னாடியே நின்னாரு. அப்புறம் ரம்பத்தை எடுத்துக்கிட்டு வேற பக்கம் போயிட்டாரு. அது நிக்குது. நீ வந்து சொல்ற வரைக்கும் நிக்கட்டும்.

இங்க காத்து மாறியிருக்கு. மழையான்னு கேக்காதே, எனக்குச் சொல்லத் தெரியல.

முட்டி எப்படி இருக்கு? நிஜத்தை எழுது.

உன் அண்ணி